துளை பெரிதானால் சுவர் மெலியும்
கருமருந்துச் சுழல்துப்பாக்கியின் காலிபர் கூடிய கதை சொல்லும் பொறியியல் பாடம்

அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1847ஆம் ஆண்டில் தயாரித்துக் கொடுத்த ‘வாக்கர்’ சுழல்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 2.07 கிலோகிராம். அதே கோல்ட் நிறுவனம் 1860இல் வெளியிட்ட ‘ஆர்மி’ மாதிரியின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம்தான். ஆனால் இரண்டின் காலிபரும் ஒன்றே: .44. அதே அளவு குண்டைச் சுடும் கருவி, பதின்மூன்று ஆண்டுகளில் கிட்டத்தட்ட 850 கிராம் இளைத்துவிட்டது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. 1860ஆம் ஆண்டு மாதிரியின் உடற்சட்டம் முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டதல்ல. 1851இல் வெளிவந்த ‘நேவி’ என்னும் .36 காலிபர் துப்பாக்கியின் சட்டமே அதற்கு அடிப்படை. அதாவது, .36 துப்பாக்கி ஒன்றின் உடலுக்குள் .44 காலிபரைப் பொருத்திக் காட்டினார்கள்.

துளையைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்தால் முடிந்துவிடும் வேலை போலத் தோன்றும். அப்படியல்ல என்பதுதான் இந்த வாரப் பாடம். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வடிவியல், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் உலோகவியல் போதும்.

கருவி எப்படி இயங்கியது?

இன்றைய துப்பாக்கிகளில் குண்டும் மருந்தும் ஒரே தோட்டாவுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். 1840, 1850களின் சுழல்துப்பாக்கிகளில் அப்படி இல்லை. நடுவில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அதன் முன்முகத்திலிருந்து ஆறு அறைகள் குடையப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் முதலில் கருமருந்து, அதன்மேல் ஈயக் குண்டு என முன்பக்கத்திலிருந்தே நிரப்புவார்கள். குண்டு அறையைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் அதை அழுத்தி இறுக்கும்போது ஈயத்தின் ஓரம் சீவப்பட்டு, அறை நன்றாக அடைபடும்.

அறையின் பின்முனை திறந்திருக்காது. கெட்டியான இரும்பு அதை மூடியிருக்கும். அந்த இரும்பில் துளையுள்ள சிறு காம்பு ஒன்று திருகப்பட்டிருக்கும். காம்பின்மீது ‘கேப்’ எனப்படும் சிறிய செம்பு மூடியைப் பொருத்துவார்கள். விசையை இழுத்ததும் சுத்தியல் அந்த மூடியில் அடிக்கும்; பொறி துளை வழியாக மருந்துக்குள் பாயும்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. அது எரியும்போது மிகக் குறைந்த நேரத்தில் சூடான வாயு பெருகுகிறது. அந்த வாயு அறையின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. முன்னால் இருக்கும் குண்டு நகரக்கூடியது என்பதால் அது ஓடுகிறது. சுவர்கள் நகரக் கூடாதவை. அவை தாங்கியாக வேண்டும். நம் பாடம் முழுவதும் அந்தச் சுவர்களைப் பற்றியதே.

இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்யும்?

காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் அளவு. .36 என்றால் 0.36 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.1 மில்லிமீட்டர். .44 என்றால் ஏறத்தாழ 11.2 மில்லிமீட்டர். குண்டு சற்று இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதால் .36க்கு ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் குண்டும், .44க்கு ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் குண்டும் பயன்பட்டன.

விட்டத்தில் வேறுபாடு 2 மில்லிமீட்டர்தான். ஆனால் பரப்பளவு விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கன அளவு மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.

9.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ 5.1 கிராம்.
11.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ 9 கிராம்.

விட்டம் 21 விழுக்காடு கூடியதும் எடை 77 விழுக்காடு கூடிவிட்டது. குதிரைப்படையினர் .44 வேண்டும் என்று வற்புறுத்தியதற்குக் காரணம் இந்த எடைதான்.

அதே வேளையில் வாயு அழுத்தம் மாறாமல் இருந்தாலும், அது குண்டின் பின்புறத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 47 விழுக்காடு கூடுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆகவே அறையின் பின்சுவரும், அதைத் தாங்கும் சட்டமும், துப்பாக்கியைப் பிடித்திருக்கும் கையும் அந்தக் கூடுதல் விசையை ஏற்றாக வேண்டும்.

குடைந்தெடுத்த இரும்பு எங்கிருந்து வந்தது?

இப்போது உருளையை நேர் முன்னாலிருந்து பார்ப்போம். ஒரு பெரிய வட்டம். அதற்குள் ஆறு சிறிய வட்டங்கள். சிறிய வட்டங்களின் மையங்கள் எல்லாம் இன்னொரு கற்பனை வட்டத்தின்மீது சம இடைவெளியில் அமைந்திருக்கின்றன. பள்ளியில் படித்த ஓர் உண்மை இங்கே கைகொடுக்கும்: ஒழுங்கான அறுகோணத்தின் பக்கம், அதைச் சூழ்ந்த வட்டத்தின் ஆரத்திற்குச் சமம். ஆகவே அடுத்தடுத்த இரண்டு அறைகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரமும் அந்தக் கற்பனை வட்டத்தின் ஆரமும் ஒன்றே.

கணக்கு எளிதாக இருக்க முழு எண்களை எடுத்துக்கொள்வோம். இவை குறிப்பிட்ட எந்தத் துப்பாக்கியின் அளவுகளும் அல்ல. உருளையின் விட்டம் 40 மில்லிமீட்டர். மையங்கள் அமைந்த வட்டத்தின் ஆரம் 13 மில்லிமீட்டர் என்று கொள்க.

அறையின் விட்டம் 9.5 மில்லிமீட்டராக இருந்தால், இரண்டு அறைகளுக்கு நடுவே மிஞ்சும் சுவர் 13 − 9.5 = 3.5 மில்லிமீட்டர். அறைக்கும் உருளையின் வெளிப்புறத்துக்கும் நடுவே மிஞ்சும் சுவர் 20 − 13 − 4.75 = 2.25 மில்லிமீட்டர்.

அதே உருளையில் அறையை 11.5 மில்லிமீட்டராகக் குடைந்தால், நடுச்சுவர் 1.5 மில்லிமீட்டராகக் குறைகிறது. வெளிச்சுவர் 1.25 மில்லிமீட்டராகக் குறைகிறது.

துளை 2 மில்லிமீட்டர்தான் கூடியது. ஆனால் நடுச்சுவரில் பாதிக்கு மேல் போய்விட்டது. வெளிச்சுவரிலும் ஏறத்தாழ பாதி போய்விட்டது. துளை தனக்கு வேண்டிய இடத்தை வேறெங்கிருந்தும் எடுப்பதில்லை. சுவரிலிருந்துதான் எடுக்கிறது.

சாசேஜ் ஏன் நீளவாக்கில் பிளக்கிறது?

சுவர் பாதியானால் வலிமையும் பாதியாகும் என்று நினைப்போம். நிலைமை அதைவிட மோசம்.

உள்ளே அழுத்தம் உள்ள ஒரு குழாயை எண்ணிப் பாருங்கள். வாயு, குழாயின் சுவரை வெளியே தள்ளுகிறது. சுவரோ, பீப்பாயைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டையைப் போல, வட்டமாக இழுபட்டு எதிர்த்து நிற்கிறது. இப்படிச் சுவரைச் சுற்றி ஏற்படும் இழுப்பை வளையத் தகைவு என்பார்கள். மெல்லிய சுவருள்ள குழாய்க்கு அதன் சூத்திரம் மிக எளிது:

வளையத் தகைவு = அழுத்தம் × உள் ஆரம் ÷ சுவரின் தடிமன்

இருபுறமும் மூடிய குழாயில், நீளவாக்கில் ஏற்படும் இழுப்பு இதில் பாதிதான். ஆகவே குழாய் முதலில் தோற்பது சுற்றளவுத் திசையில். அப்போது விரிசல் நீளவாக்கில் ஓடும். எண்ணெயில் பொரியும் சாசேஜ் குறுக்கே துண்டாகாமல் நீளவாக்கில் பிளப்பது இதனால்தான்.

சூத்திரத்தை மறுபடி பாருங்கள். துளையைப் பெரிதாக்கும்போது ஆரம் கூடுகிறது. அதே நேரத்தில் தடிமன் குறைகிறது. இரண்டுமே தகைவைக் கூட்டும். நம் எடுத்துக்காட்டில் முதலில் ஆரத்தைத் தடிமனால் வகுத்தால் 4.75 ÷ 2.25, அதாவது ஏறத்தாழ 2.1. குடைந்த பிறகு 5.75 ÷ 1.25, அதாவது 4.6. ஒரே அழுத்தத்தில் இரும்பு தாங்க வேண்டிய தகைவு இருமடங்குக்கும் மேலாகிவிட்டது.

உண்மையான உருளை சீரான மெல்லிய குழாய் அல்ல. அறையைச் சுற்றிச் சில இடங்களில் இரும்பு கெட்டியாகவும் சில இடங்களில் மெலிந்தும் இருக்கும். ஆகவே இந்த எண்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே. ஆனால் அவை காட்டும் போக்கு சரியானது.

வாக்கர்: பெரிதாகச் செய்தும் போதவில்லை

.44 காலிபரை அடைய முதல் வழி, எல்லாவற்றையும் பெரிதாகச் செய்வது. 1847இல் நடந்தது அதுதான். மெக்சிகோவுடன் அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. டெக்சாஸ் ரேஞ்சர் படையில் முன்பு பணியாற்றிய சாமுவேல் வாக்கர் என்னும் கேப்டன், வலிமையான சுழல்துப்பாக்கி ஒன்றை வேண்டினார். கோல்ட்டின் முதல் தொழிற்சாலை அதற்குள் நொடித்துப் போயிருந்தது. ஆகவே கனெக்டிகட் மாநிலத்தில் எலி விட்னி ஜூனியரின் தொழிற்சாலையில் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. இராணுவத்திற்கு 1,000, மற்றவர்களுக்கு 100 என மொத்தம் 1,100.

அதன் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 3.9 கிராம் மருந்து கொள்ளும் அளவு நீளமானது. இடுப்பில் செருக முடியாத கனம். குதிரையின் சேணத்தில் உறையை மாட்டித்தான் கொண்டுசென்றார்கள். அத்தனை பருமன் இருந்தும் பல உருளைகள் சுடும்போது வெடித்தன. சுவரின் தடிமன் மட்டும் பாதுகாப்பு ஆகாது, அந்தச் சுவர் எதனால் ஆனது என்பதும் முக்கியம் என்று அந்த வெடிப்புகள் காட்டின.

அந்தக் காலத்தில் பரவலாகக் கிடைத்தது தேனிரும்பு. உருக்கிய இரும்பிலிருந்து கசடு முழுவதும் நீங்காமல், மெல்லிய இழைகளாக உள்ளேயே தங்கிவிடும். இரும்பை அடித்து நீட்டும்போது அந்த இழைகளும் நீளவாக்கில் நீண்டுவிடும். நீளவாக்கில் இழுத்தால் தேனிரும்பு நன்றாகத் தாங்கும். குறுக்கே இழுத்தால் அந்த அளவுக்குத் தாங்காது. மூங்கிலை ஒடிப்பது கடினம், பிளப்பது எளிது அல்லவா? அதே கதைதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நீண்ட இரும்புத் தண்டிலிருந்து வெட்டி உருளை செய்தால், இழைகள் அறைகளுக்கு இணையாக ஓடும். வளையத் தகைவோ இழைகளுக்குக் குறுக்கே இழுக்கும். இரும்பு எந்தத் திசையில் பலவீனமோ, அதே திசையில்தான் வாயு அதிகமாக இழுக்கிறது.

1848 முதல் வந்த ‘டிரகூன்’ மாதிரியில் கோல்ட் உருளையின் நீளத்தைக் குறைத்தார். அறை குட்டையானதால் அதில் கொள்ளும் மருந்தும் குறைந்தது. காலிபர் .44 ஆகவே இருந்தது. ஆனால் எடை இன்னும் 1.9 கிலோகிராம் அளவில் இருந்தது. அதுவும் சேணத்துத் துப்பாக்கிதான்.

1860: உருளையில் ஒரு படி

இடுப்பில் வசதியாகச் செருகக்கூடியது 1851 ‘நேவி’. .36 காலிபர், ஆறு அறைகள், ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடை. அதன் உருளையில் 1843இல் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களுடன் மோதிய காட்சி பொறிக்கப்பட்டிருந்தது. ‘நேவி’ என்ற பெயர் வந்தாலும் தரைப்படையினரும் அதை விரும்பி வாங்கினார்கள். இந்த எடையில் .44 கிடைக்குமா என்பதே கோல்ட் தொழிற்சாலையின் முன் இருந்த கேள்வி.

உருளை முழுவதையும் பெரிதாக்கினால் சட்டம் பெரிதாக வேண்டும். சட்டம் பெரிதானால் சுத்தியல், விசை, உருளையைத் திருப்பும் உறுப்பு, உருளையை நிறுத்திப் பூட்டும் உறுப்பு என எல்லாமே மாற வேண்டும். இயந்திரங்கள், அச்சுகள், அளவுகோல்கள் அனைத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரே அளவுள்ள உறுப்புகளை இயந்திரத்தால் ஆயிரக்கணக்கில் செய்வதுதான் கோல்ட் தொழிற்சாலையின் பலம். அதை இழக்க அவர்கள் விரும்பவில்லை.

ஆகவே உருளையின் பின்பகுதியை ஏறத்தாழ நேவியின் பருமனிலேயே விட்டுவிட்டு, முன்பகுதியை மட்டும் தடிப்பாக்கினார்கள். பக்கவாட்டில் பார்த்தால் உருளையில் ஒரு படி தெரியும். பூட்டும் உறுப்பு வந்து விழும் பள்ளங்கள் பின்பகுதியில் இருப்பதால் உள்ளே இருந்த பொறியமைப்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. தடித்த முன்பகுதி சுழல்வதற்கு இடம் வேண்டும் என்பதால், சட்டத்தின் அடிப்பகுதியில் அந்த இடத்தை மட்டும் சற்றுத் தாழ்த்திச் செதுக்கினார்கள். அறைகளின் பின்முனையில் காம்புகள் திருகப்பட்ட கெட்டி இரும்பு இருப்பதால், பின்பகுதி முழுவதும் வெறும் குழாயாக இல்லை என்பதும் உதவியது.

இந்தப் படியின் பயனை நம் கணக்கிலேயே பார்க்கலாம். 40 மில்லிமீட்டர் உருளையை முன்பகுதியில் 42 ஆக்கினால், 1.25 மில்லிமீட்டராக மெலிந்த வெளிச்சுவர் மீண்டும் 2.25 ஆகிறது. ஆரத்தைத் தடிமனால் வகுத்தால் 5.75 ÷ 2.25, அதாவது ஏறத்தாழ 2.6. முன்பு இருந்த 4.6ஐவிட எவ்வளவோ மேல். வெளியே 1 மில்லிமீட்டர் சேர்த்ததில் ஆபத்தின் பெரும்பகுதி விலகுகிறது. ஆனாலும் தொடக்கத்தில் இருந்த 2.1ஐ எட்டவில்லை. மிச்சமுள்ள சுமையை யார் தாங்குவது?

அதைத் தாங்கியது எஃகு. 1850களில் நல்ல எஃகு முன்பைவிட எளிதாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. ‘சில்வர் ஸ்பிரிங் ஸ்டீல்’ என்ற பெயர்கொண்ட எஃகை கோல்ட் பயன்படுத்தினார். தேனிரும்பில் இருப்பது போன்ற கசடு இழைகள் இல்லாததால் எஃகு எத்திசையிலும் ஏறத்தாழ ஒரே வலிமையோடு நிற்கும். எட்டுப் பட்டையாக இருந்த குழலும் உருண்டை வடிவம் பெற்று எடை குறைந்தது.

மூன்றாவதாக ஒன்றையும் மறக்கக் கூடாது. 1860 ஆர்மியில் வழக்கமாகப் போட்ட மருந்து ஏறத்தாழ 2 கிராம். வாக்கரின் அறை கொண்டதில் பாதி. காலிபர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே ஆற்றல் உள்ளவை என்று ஆகிவிடாது. படி, எஃகு, அளவான மருந்து என்ற மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த 850 கிராமைக் குறைக்க முடிந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படைகள் இந்தத் துப்பாக்கியை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வாங்கின. அதே உத்தியைக் கோல்ட் தொழிற்சாலை இன்னொரு முறையும் கையாண்டது. .31 காலிபர் பைத் துப்பாக்கியின் சட்டத்தில், படி வைத்த உருளையைப் பொருத்தி .36 காலிபர் ‘போலீஸ்’ மாதிரியை உருவாக்கியது. அதில் அறைகள் ஐந்து.

உருளை மட்டும் போதுமா?

போதாது. காலிபர் மாறும்போது குழலும் மாற வேண்டும். குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குழலை அகலமாகக் குடைந்தால் அவை அழிந்துவிடும்; மறுபடியும் வெட்ட வேண்டும். அறையின் வாயும் குழலின் வாயும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அறை சிறிதாகவும் குழல் பெரிதாகவும் இருந்தால் குண்டு தளர்ந்து தடுமாறும். அறை பெரிதாகவும் குழல் சிறிதாகவும் இருந்தால் குண்டு நுழைவாயிலில் திணறும்; அழுத்தம் எகிறும்.

அடுத்தது சட்டம். அக்காலக் கோல்ட் துப்பாக்கிகளில் உருளைக்கு மேலே பாலம் போன்ற பட்டை கிடையாது. உருளை சுழலும் அச்சின் முன்பகுதியில், ஓர் ஆப்பைக் குறுக்கே அடித்துத்தான் குழலைப் பிணைத்திருப்பார்கள். சுடும்போது வாயு சட்டத்தைப் பின்னே தள்ளுகிறது. குண்டு உராய்ந்து செல்லும்போது குழலை முன்னே இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்பும் அந்த அச்சின்மீதும் ஆப்பின்மீதுமே விழுகின்றன. அதே காலத்து ரெமிங்டன் துப்பாக்கியில் மேற்பட்டை உண்டு. சட்டம் முழுமையாக உருளையைச் சூழ்ந்திருப்பதால் சுமை பகிரப்படுகிறது.

பின்னுதைப்பையும் கணக்கிடலாம். குண்டு விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், துப்பாக்கி 1.2 கிலோகிராம் எனவும் கொள்க. வாயுவின் பங்கை விட்டுவிடுவோம். உந்த அழிவின்மை விதிப்படி, 5.1 கிராம் குண்டைச் சுட்டால் துப்பாக்கி விநாடிக்கு ஏறத்தாழ 1.06 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். 9 கிராம் குண்டைச் சுட்டால் ஏறத்தாழ 1.88 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், கையில் வந்து மோதும் ஆற்றல் மூன்று மடங்காகிறது. 1860 ஆர்மியின் கைப்பிடியை நேவியினுடையதைவிடச் சற்று நீளமாக்கியது வெறும் அழகுக்காக அல்ல.

பழைய துப்பாக்கியைக் குடைந்தால்?

சேகரிப்பாளர்களிடையே அவ்வப்போது எழும் கேள்வி இது: ஒரு .36 நேவியைப் பட்டறையில் கொடுத்து .44 ஆக்கிவிடலாமே? இதுவரை பார்த்தவற்றிலிருந்து விடையை நீங்களே சொல்லிவிடலாம். கோல்ட் அறைகளைக் குடைந்து .44 செய்யவில்லை. உருளையையும் குழலையும் புதிதாகச் செய்து, சட்டத்தையும் செதுக்கி, எஃகையும் தேர்ந்தெடுத்தார். பழைய உருளையை வெறுமனே குடைபவர் அதன் சுவரை மட்டும் பறிக்கிறார். பதிலுக்கு எதையும் கொடுப்பதில்லை.

பழைய இரும்பில் வேறு சிக்கல்களும் உண்டு. கருமருந்து எரிந்தபின் விளைபொருள்களில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையும் கரிப்படிவும் அவைதாம். அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். அரித்த இடத்தில் நுண்ணிய குழிகள் விழும். ஒவ்வொரு குழியின் அடியிலும் தகைவு குவிகிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும். உருளையைப் பூட்டுவதற்காக வெளிப்புறத்தில் வெட்டிய பள்ளங்களும் அப்படிப்பட்ட இடங்களே. ஆறு அறை உருளையில் அவை அறைக்கு நேர் மேலே, ஏற்கெனவே மெலிந்த சுவரில் அமைகின்றன.

நடுச்சுவர் மெலிவதில் இன்னோர் ஆபத்து உண்டு. ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குக் கசிந்து இரண்டும் ஒன்றாக வெடிப்பது அக்காலத் துப்பாக்கிகளில் எப்போதும் இருந்த அச்சம். பக்கத்து அறைக்கு எதிரே குழல் இல்லை.

இன்று இத்தாலியின் பிரெசியா வட்டாரத்தில் இந்தப் பழைய மாதிரிகளின் நகல்கள் செய்யப்படுகின்றன. ‘1851 நேவி’ என்ற பெயரில் .44 காலிபர் நகல்களும் கடைகளில் உண்டு. வரலாற்றில் கோல்ட் அப்படியொரு மாதிரியை விற்றதில்லை. அந்த நகல்களின் உருளையைப் பார்த்தால் 1860இன் படி அதில் இருக்கும். வரலாற்றை மாற்றி எழுதலாம். வடிவியலை மாற்ற முடியாது. பித்தளைச் சட்டம் வைத்தவையும் உண்டு. பித்தளை மென்மையானது என்பதால், முழு அளவு மருந்தைத் தொடர்ந்து போட்டால் அச்சு பொருந்திய இடம் தளர்ந்துவிடும்.

அங்கே தயாராகும் ஒவ்வொரு துப்பாக்கியும் கார்தோனே வால் திரோம்பியா என்னும் ஊரிலுள்ள சோதனை நிலையத்திற்குச் செல்கிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்திலும் இத்தகைய நிலையங்கள் நூற்றாண்டுகளாக இயங்கி வருகின்றன. துப்பாக்கியின் வலிமையைப் பாதிக்கும் மாற்றம் எதைச் செய்தாலும் பழைய முத்திரை செல்லாது என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. முத்திரை இரும்புக்குத் தரப்பட்ட சான்று. இரும்பைக் குறைத்துவிட்டு அதே சான்றைக் காட்ட முடியாது.

நகல்களின்மீது ‘கருமருந்துக்கு மட்டும்’ என்றும் பொறித்திருப்பார்கள். 1880களில் வந்த புகையில்லா மருந்து, அதே கன அளவில் மிக அதிக அழுத்தத்தை உண்டாக்கக்கூடியது. கருமருந்துக்கு ஏற்ற சுவரால் அதைத் தாங்க இயலாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதோ செய்வதோ கடும் குற்றம். நமக்கு இந்தக் கருவிகள் அருங்காட்சியகப் பொருள்களும் பாடப் பொருள்களும் மட்டுமே.

பெயரில் தங்கிவிட்ட பழைய அளவு

முன்பக்கத்திலிருந்து மருந்தும் குண்டும் நிரப்பும் காலம் விரைவில் முடிந்தது. உருளையை இருபுறமும் திறந்த துளையாகக் குடைந்து, பின்னாலிருந்து தோட்டா போடும் முறைக்கான ரோலின் வைட் என்பவரின் 1855ஆம் ஆண்டுக் காப்புரிமை 1869இல் காலாவதியானது. பிறகு கோல்ட் நிறுவனமே தன் பழைய துப்பாக்கிகளைத் தோட்டா போடும்படி மாற்றி விற்றது. 1873இல் உருளைக்கு மேலே பட்டை உள்ள புதிய சட்டத்தில் .45 வந்தது. அளவு இன்னும் கூட வேண்டும் என்றபோது, பழைய உடலை மேலும் குடையாமல் புதிய உடலையே செய்தார்கள்.

அந்த மாற்றக் காலத்தின் தடம் ஒன்று இன்றும் இருக்கிறது. .36 நேவியின் அறைக்கும் குழலுக்கும் பொருந்தும்படி செய்த தோட்டாவில், குண்டும் பித்தளை உறையும் வெளியே ஒரே பருமனில் இருந்தன, ஏறத்தாழ 0.38 அங்குலம். ஆகவே அதை .38 என்றார்கள். பின்னர் குண்டை உறைக்குள்ளேயே அமரும்படி சிறிதாக்கினார்கள். குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.357 அங்குலமாகக் குறைந்தது. உறை மாறவில்லை; பெயரும் மாறவில்லை. இன்றும் ‘.38’ எனப்படும் தோட்டாவின் குண்டு .38 அங்குலம் இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

வரைந்து பாருங்கள்

ஒரு தாளும் கவராயமும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கின் அளவுகளை இருமடங்காக்கி, 40 மில்லிமீட்டர் ஆரத்தில் பெரிய வட்டமும், அதே மையத்தில் 26 மில்லிமீட்டர் ஆரத்தில் இன்னொரு வட்டமும் வரையுங்கள். கவராயத்தின் அளவை மாற்றாமல் 26 மில்லிமீட்டரிலேயே வைத்து, உள்வட்டத்தின்மீது ஆறு புள்ளிகளைக் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் 9.5 மில்லிமீட்டர் ஆரத்தில் பென்சிலால் வட்டம் வரையுங்கள். பிறகு 11.5 மில்லிமீட்டர் ஆரத்தில் சிவப்பு மையால் வரையுங்கள்.

1. பென்சில் வட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு? சிவப்பு வட்டங்களுக்கு நடுவே எவ்வளவு?
2. ஆறு அறைகளுக்குப் பதில் ஐந்து இருந்தால் நடுச்சுவர் கூடுமா, குறையுமா? .36 ‘போலீஸ்’ மாதிரியில் ஐந்து அறைகள் இருந்ததற்கு இதில் காரணம் தெரிகிறதா?
3. மருத்துவமனையில் ஆக்சிஜன் அடைக்கும் உருளைகள் குட்டையாகப் பருத்திராமல் நெடியதாக ஒல்லியாக இருக்கின்றன. வளையத் தகைவின் சூத்திரத்தைக் கொண்டு காரணம் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர்கள் இந்தப் பாடத்தை முழுமையாகப் புரிந்துகொண்டார்கள் என்று பொருள்.